மேனேஜரின் வெள்ளைச் சட்டை

"மாமா, ஒரு கால்ல மட்டும்தான் கழட்டணுமா?" என்று நிஷாத் கேட்டான்.

அப்துல் லத்தீப் குனிந்து பார்த்தார். வலது கால் ஷூ கையில் இருந்தது. இடது கால் ஷூ காலிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தார். வருங்காலச் சம்பந்தி ஷஃபியும் அவர் மகன் நிஷாத்தும் ஆளுக்கு ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த உத்தரவுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

தப்பு லத்தீப்புடையது அல்ல. ஓட்டலுக்குள் எட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்ட வெள்ளைக்காரர் வெறுங்காலோடு மெத்தையில் சாய்ந்திருந்தார். உடனே ஒரு ஷூவைக் கழற்றினார். அடுத்து கண்ணில் பட்ட வெள்ளைக்காரப் பெண் பூட்ஸோடு கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள். உடனே நிறுத்திவிட்டார்.

"மொராக்கோவுல எப்படிங்க வழக்கம்?" என்றார் ஷஃபி.

மொராக்கோவின் வழக்கம் என்னவென்று லத்தீப்புக்குத் தெரியாது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் தெரியாது.

"அங்க அவங்கவங்க இஷ்டம்தான் பாய்" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஷூவையும் கழற்றினார்.

"ஷார்ஜாவுலருந்து மொராக்கோ எவ்ளோ தூரம் மாமா?"

"ரெண்டு பஸ் மாறணும்."

நிஷாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷஃபி பலமாக இருமினார். நிஷாத் வாயை மூடிக்கொண்டான்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், ஈ.சி.ஆர். ரோட்டோரம், உப்பளத்தைப் பார்த்த மாதிரி ஷஃபிக்கு ஒரு மனை இருந்தது. ஓட்டல் நடத்தப்போகிறேன் என்று பாண்டிச்சேரி ஜான்சன் அதை வாடகைக்கு எடுத்தார். சாராயம், பீர், ஒயின் எதுவும் மனைக்குள் நுழையக் கூடாது என்று ஷஃபி அக்ரிமெண்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். கட்டடம் முடிந்து போர்டு ஏறியபோது அதில், 'மர்ராகேஷ் - ஹூக்கா லவுஞ்ச், காக்டெயில் பார்' என்று இருந்தது. மர்ராகேஷ் என்பது மொராக்கோ நாட்டில் ஓர் ஊராம்.

"போர்டுல அப்படித்தாங்க போடணும். இல்லாட்டி எந்த வெள்ளக்காரனும் காரை நிறுத்த மாட்டான். உள்ள எல்லாம் ஜூஸுதான், மாதா சத்தியமா" என்றார் ஜான்சன்.

இந்த விஷயத்துக்காகத்தான் ஷஃபி நேற்று லத்தீப்பைத் தேடி வந்தார்.

"நமக்கு என்னங்க தெரியும்? நீங்க அரபு நாட்டுல பதினெட்டு வருசம் மேனேஜரா இருந்தவரு. ஒரு எட்டு வந்து, கிளாஸ்ல இருக்கறது என்ன, குழாய்ல வர்றது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

மேனேஜர் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் லத்தீப் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். நேற்றும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

காரணம் இருந்தது. எண்பத்தேழில் ஷார்ஜா போனவருக்குக் கிடைத்தது ஒரு ஷீஷா கடையில் கரி போடும் வேலை. ஹூக்காவுக்கு அங்கே ஷீஷா என்று பெயர். அடுப்பில் கரியைப் பழுக்க வைக்க வேண்டும். இடுக்கியால் எடுத்துப் போய் ஒவ்வொரு ஷீஷாவின் தலையிலும் வைக்க வேண்டும். சாம்பல் தட்ட வேண்டும். அவ்வளவுதான். கடைக்கு மேலே மாடியில் யாருடையதோ ஓர் ஆபீஸ் இருந்தது. அதனால் மனைவி பஷீராவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், 'ஆபீஸ் இருக்கும் கட்டடத்தில் வேலை' என்று எழுதினார். அதில் பொய் இல்லை. இரண்டாவது கடிதத்தில் கட்டடம் விட்டுப்போயிற்று. அதன் பிறகு அவர் அந்தக் கரி அடுப்பை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை. கடிதத்தில் மட்டும் கிளார்க், அக்கவுண்டண்ட், மேனேஜர் என்று மூன்று புரமோஷன் வாங்கினார்.

சுனாமிச் செய்தி கேட்டு அடித்துப் பிடித்து ஊருக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். ஆறு மாதமாக வேலை இல்லை. ஹார்டுவேர் கடையில் கூப்பிட்டார்கள். அரிசி மண்டியில் கூப்பிட்டார்கள். மேனேஜராக இருந்தவர் மூட்டை எண்ணப் போனால் ஊர் என்ன சொல்லும்? ஆகவே தினமும் இஸ்திரிச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பஷீரா மீன் கழுவுவதை மேற்பார்வை பார்த்தார். "அந்தச் செதில் சரியாப் போகல பாரு" என்பார். பஷீரா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்ப்பாள்.

மகள் ரிஸ்வானாவுக்கும் நிஷாத்துக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம். நல்ல இடம், நல்ல பையன். ரிஸ்வானா இப்போதே ஷஃபி வீட்டு மாடியில் எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் ஷஃபிக்குப் பொய் மட்டும் ஆகாது. மூத்த மகனுக்குப் பார்த்த இடத்தில் பெண்ணின் அப்பா ரைஸ் மில் வைத்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் மாவு மில். ஷஃபி பிரியாணியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

"மாவு மில்லுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நிச்சயம் பண்ணியிருப்பேன். ரைஸ் மில்லுன்னு எதுக்குச் சொல்லணும்?" என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாவு மில்லுக்கே அந்தக் கதி. கரி அடுப்பு என்று தெரிந்தால்?

இன்று மத்தியானம் கிளம்பும்போது பஷீரா வேறு குழப்பினாள். பெட்டிக்கு அடியிலிருந்து பழைய பழுப்புச் சட்டை ஒன்றை உருவி நீட்டினாள்.

"வெள்ள வேணாங்க. இதப் போட்டுட்டுப் போங்க."

"சம்பந்தியோட போற எடத்துக்கு இதையா? மேனேஜருக்குன்னு ஒரு இது இருக்குதுல்ல?"

"ஒங்க இஷ்டம்."

லத்தீப் வெள்ளைச் சட்டையைப் போட்டார். அது போதாது என்று டையும் கட்டிக்கொண்டார்.

அந்த டையோடு இப்போது மர்ராகேஷுக்குள் நுழைந்தார்.

உள்ளே பகலிலேயே பாதி இருட்டு. குதிரை லாடம் மாதிரி வளைந்த வாசல்கள். ஓட்டை போட்ட பித்தளை விளக்குகள். தரையெல்லாம் கம்பளம், கம்பளமெல்லாம் திண்டு. ஏழெட்டு வெள்ளைக்காரர்கள், ஆரோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள், எலும்பே இல்லாதவர்களைப் போல ஆங்காங்கே சாய்ந்து கிடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே உப்பளமும், வரிசையாக உப்புக் குவியல்களும். அவர்களில் ஒருத்தி அதைப் பாலைவனம் என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாரும் அவசரப்படவில்லை. பதினெட்டு வருஷம் இப்படிப்பட்ட இடத்தில் ஓடிக்கொண்டே இருந்த லத்தீப்புக்கு, இங்கே உட்காரவும் செய்யலாம் என்பதே புதுச் செய்தி. எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. ஒரு திண்டில் உட்கார்ந்தார். அது நழுவி அவரைக் கம்பளத்தில் இறக்கிவிட்டது. இன்னொன்றைப் பிடித்தார். அது வெள்ளைக்காரர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவரும் சாய்ந்தார்.

"வாங்க வாங்க" என்று ஜான்சன் ஓடி வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருந்தன. "சார்தானா அது?"

"இவர்தான்" என்றார் ஷஃபி.

ஜான்சன் லத்தீப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டென்று விடவில்லை. விரல்களை ஒரு தடவை தடவிப் பார்த்த மாதிரிகூட இருந்தது. பாண்டிச்சேரிப் பழக்கமாக இருக்கும் என்று லத்தீப் நினைத்துக்கொண்டார்.

"அரபி படிப்பீங்களாமே சார்? அந்த ஃபிரேமுல என்ன போட்டிருக்குதுன்னு சொல்லுங்க. நானும் வர்றவங்க எல்லாரையும் கேட்டுப் பாத்துட்டேன்."

சுவரின் நட்டநடுவில், தங்க வண்ண ஃபிரேமுக்குள், கறுப்பிலும் சிவப்பிலும் அரபி எழுத்து. மேலே ஒரு குட்டி விளக்குகூடப் போட்டிருந்தார்கள்.

லத்தீப் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். கரி வருகிற அட்டைப்பெட்டியின் மூடி. ஆயிரக்கணக்கில் பிரித்திருக்கிறார். 'மெதுவாக எரியும். நீண்ட நேரம் நிற்கும். புகை வராது' என்று அதற்கு அர்த்தம் என யாரோ கடையில் சொன்னது நினைவிருந்தது.

சொல்லலாமா? அது கரிப்பெட்டி என்று மேனேஜருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்?

"அது... ஒரு பழைய கவிதை" என்றார்.

"அர்த்தம்?"

"அன்பு... மெதுவா எரியும். ரொம்ப நேரம் நிக்கும். புகையே வராது."

ஜான்சன் நெஞ்சில் கை வைத்தார். "என்னா ஆழம்!" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எதையோ எழுதினார். ஷஃபி தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று லத்தீப் பயந்துபோனார்.

முதல் கண்டம் தாண்டியது. ஆனால் அடுத்ததைக் கையில் ஏந்திக்கொண்டு அரசப்பன் வந்தார்.

அரசப்பன் போன மாதம்வரை உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, கீழே லுங்கி. ஹூக்காவைத் தண்ணீர்க் குடம்போல இடுப்பில் வைத்துத் தூக்கி வந்து, நடுவில் பொத்தென்று வைத்தார்.

"ஆப்பிளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லத்தீப்புக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. குடுவையில் கழுத்துவரை தண்ணீர். புகையிலைக்கு மேல் அலுமினியத் தகடு கிடையாது. நேராகவே கரி. அந்தக் கரியும் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. ஷார்ஜாவில் இப்படி ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருந்தால் கடைக்காரர் குழாயாலேயே அடித்திருப்பார்.

"நிஷாத், இழுத்துப் பாரு" என்றார் ஷஃபி.

நிஷாத் இழுத்தான். வாய் நிறையத் தண்ணீர் வந்தது.

"அப்படித்தான் வருமா மாமா?"

"தண்ணிய ரெண்டு விரக்கடை கொறச்சா..." என்று ஆரம்பித்த லத்தீப் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டு விரக்கடையா? கணக்காச் சொல்றீங்களே சம்பந்தி?"

"ஆபீஸ்ல... ஒரு ஃபைல்ல படிச்சேன் பாய்."

"ஹூக்காவுக்கு ஃபைலா?"

"அரபு நாட்டுல எல்லாத்துக்கும் ஃபைல் உண்டு."

ஜான்சன் இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி நோட்டில் எழுதினார். ஜூஸ் ஆர்டர் எழுதுகிறார் போலிருக்கிறது. ஆனால் யாரும் இன்னும் ஜூஸ் கேட்கவில்லையே என்று லத்தீப்புக்கு ஒரு கணம் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. நிஷாத் காலை நீட்டினான். அது ஹூக்காவில் இடித்தது. உச்சியிலிருந்த கரி ஒன்று உருண்டு, கம்பளத்தில் விழுந்து, புகைய ஆரம்பித்தது.

"ஐயையோ, தண்ணி, தண்ணி!" என்று ஷஃபி கத்தினார்.

லத்தீப் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. சட்டென்று குனிந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கரியைப் பிடித்து, ஒருமுறை ஊதிச் சாம்பலைத் தட்டி, பழைய இடத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது தெரிந்தது.

மூன்று பேரும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுடலையா மாமா?"

"ஏசி ரூம்ல உக்காந்து உக்காந்து..." லத்தீப் விரலை டையில் துடைத்தார். "விரல் மரத்துப் போச்சுப்பா. மேனேஜருங்களுக்கு இது ஒரு வியாதி."

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் ஷஃபி. அவருடைய துண்டு மறுபடியும் வாய்க்குப் போனது.

அதற்குள் ஜூஸ் வந்தது. நீளக் கழுத்துக் கண்ணாடிக் கிளாஸ். விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொடி உப்பு. ஓரத்தில் ஒரு காகிதக் குடை.

ஷஃபி கிளாஸைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "கிளாஸைக் கழுவவே இல்லியா? உப்பு பூத்திருக்குது."

"அது அப்படித்தாங்க. ஸ்டைல்" என்றார் ஜான்சன். "மொராக்கோ உப்பு. கப்பல்ல வருது."

ஷஃபி விளிம்பில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். உப்பு வியாபாரத்தில் முப்பது வருஷம் போட்ட நாக்கு அது.

"கழுவெளி ஏரிப் பக்கத்துப் பாத்தி. சித்திரை வெய்யில்ல வாருன உப்பு. போன வாரம் எங்கிட்டதான் மூட்டை வாங்குன."

ஜான்சன் தலையைச் சொறிந்தார். "வெள்ளக்காரங்ககிட்ட சொல்றது வாய்ல வந்துடுச்சுங்க."

"இதான் சம்பந்தி விசயம்" என்று ஷஃபி லத்தீப்பின் பக்கம் திரும்பினார். "ஒருத்தன் தொழில் இருக்குதே, அது அவன் நாக்குலயும் கையிலயும் ஊறிப்போயிருக்கும். என்னா மறைச்சாலும் காட்டிக்குடுத்துரும். இல்லீங்களா?"

லத்தீப் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஜூஸை எப்படிக் குடிப்பது? குனிந்து, கிளாஸைத் தரையில் வைத்தபடியே உறிஞ்சினார்.

"எலுமிச்ச ஜூஸ்தான் பாய். சத்தியமா வேற எதுவும் இல்ல. நாம கெளம்பலாமா?"

"இருங்க, என்ன அவசரம்?" என்றார் ஷஃபி.

கிளம்பியிருக்கலாம். அதற்குள் ஜான்சன் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரரைத் தோளில் கை போட்டு அழைத்து வந்துவிட்டார்.

"சார், இவரு மொராக்கோவுல பத்து வருசம் இருந்தவரு. அரபி தண்ணி பட்ட பாடு. ரெண்டு வார்த்தை பேசுங்க, நாங்களும் கேக்கறோம்."

தாடிக்காரர் சந்தோஷமாகச் சலாம் சொல்லி, மடமடவென்று எதையோ கேட்டார். லத்தீப்புக்குச் சலாம் மட்டும் புரிந்தது.

பதினெட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் அரபியில் பேசியதில்லை. கத்தியிருக்கிறார்கள். அப்படிக் கத்தியதில் அவர் கற்றுக்கொண்டது நான்கே சொற்கள். கொண்டு வா. கரி. சீக்கிரம். கழுதை.

எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஷஃபி ஒரு திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கச்சேரி கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

லத்தீப் டையைச் சரி செய்தார். ஒரு மேனேஜருக்குரிய குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஜீப் ஃபஹ்ம்! யல்லா!" என்றார்.

நான்காவது சொல்லை நாகரிகம் கருதி விட்டுவிட்டார்.

தாடிக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையசைத்து, எழுந்து, சமையலறைக்குப் போய், ஒரு தட்டில் நான்கு கரித்துண்டுகளோடு திரும்பி வந்து பணிவாக நின்றார்.

"பாத்தியாடா நிஷாத்!" என்று ஷஃபி தொடையில் தட்டினார். "மூணே வார்த்தை. வெள்ளக்காரனையே வேலை வாங்கிட்டாரு. மேனேஜருன்னா சும்மாவா?"

தாடிக்காரர் நிஷாத்திடம் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். நடுவில் லத்தீப்பைக் காட்டினார், கரியைக் காட்டினார், சிரித்தார். 

"என்னாடா சொல்றாரு?" என்றார் ஷஃபி.

நிஷாத் அப்பாவைப் பார்த்தான். வருங்கால மாமனாரைப் பார்த்தான். "மாமாவோட அரபி... ரொம்பச் சுத்தமா இருக்குதாம்" என்றான்.

லத்தீப்புக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இனி ஒரு நிமிஷம் இங்கே உட்கார்ந்தாலும் ஆபத்து என்று மட்டும் புரிந்தது.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

கை கழுவும் இடத்துக்குச் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போகத்தான் நினைத்தார். ஆனால் சமையலறை வாசலில் கால் நின்றுவிட்டது.

அரசப்பன் ஓர் இரும்புச் சட்டியில் கரியைக் குவித்து, அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டேய்!" என்று லத்தீப்பின் வாயிலிருந்து வந்த சத்தத்தில் அரசப்பனின் துருக்கித் தொப்பி கீழே விழுந்தது. "கரிக்கு யாராச்சும் மண்ணெண்ண ஊத்துவாங்களா? குடிக்கிறவனுக்குப் பொகையா போவும் அது, ஸ்டவ்வு பத்த வெச்ச மாதிரி!"

"எனக்கு என்னா சாமி தெரியும்? உப்பு வாரிக்கினு இருந்தவன இட்டாந்து குல்லா போட்டு உட்டுட்டாங்க. தெனம் நாலு பேரு காறித் துப்பிட்டுப் போறான்."

கூடத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரி தொண்டை கிழிய இருமுவது கேட்டது. இன்னொரு ஹூக்கா, கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி தப்பான சத்தம் போட்டது. லத்தீப் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. ஐந்தே நிமிஷம். யார் பார்க்கப்போகிறார்கள்?

டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார்.

"அந்தச் சட்டியத் தூக்கி வெளிய கொட்டு. புதுக் கரி எடு. தகடு இருக்குதா? சாக்லேட் பேப்பரா இருந்தாலும் பரவால்ல. ஒரு குச்சி குடு. எல்லாத்துலயும் பாதித் தண்ணிய கொட்டு. சீக்கிரம்!"

பிறகு அவருக்கு நேரம் தெரியவில்லை. கரி பழுத்தது. தகட்டில் ஊசித் துளைகள் வட்டமாக விழுந்தன. இடுக்கி அவர் கையில் தானாகப் பேசியது. அரசப்பன் ஒவ்வொன்றாகக் கொண்டுபோக, கூடத்திலிருந்து இருமல் குறைந்தது. பிறகு நின்றது. ஆப்பிள் மணம் சமையலறைவரை திரும்பி வந்தது. யாரோ கை தட்டினார்கள். ஆறு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து மரத்துப்போயிருந்த முதுகு, தானாக நிமிர்ந்தது. லத்தீப் தன்னை மறந்து விசில்கூட அடித்தார்.

ஒரு பொறி பறந்து வந்து வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் உட்கார்ந்தது. தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

வாசலில் ஷஃபி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நிஷாத். அவர்களுக்கு நடுவில் நோட்டோடு ஜான்சன்.

லத்தீப்பின் இடது கையில் இடுக்கி. வலது கையில், வெறும் விரல்களுக்கு நடுவில், செக்கச்செவேலென்று ஒரு கரித்துண்டு.

"இது வந்து பாய்..." என்றார். "ஆடிட். மேனேஜருங்க இப்படித்தான் திடீர்னு..."

"போதும் சம்பந்தி" என்று ஷஃபி கையைக் காட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. வாங்க, போவலாம்."

ஜான்சன் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

நிஷாத் காரை எடுத்தான். இரண்டு பக்கமும் உப்பளம் ஓடியது. சாயங்கால வெயிலில் உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றும் லத்தீப்புக்கு மாவு மில்லாகவே தெரிந்தன. ரிஸ்வானாவின் ஜன்னல் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. கண்ணாடியில் நிஷாத் இரண்டு தடவை அவரைப் பார்த்தான். இரண்டு தடவையும் ஏதோ சொல்ல வந்தான். இரண்டு தடவையும் ஷஃபி இருமினார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது ஷஃபி ஒரே வாக்கியம் சொன்னார்.

"நீங்க கை கால் கழுவுங்க. நான் தங்கச்சிகிட்ட போன்ல பேசிக்கறேன்."

முடிந்தது. வெள்ளிக்கிழமை முடிந்தது. ரிஸ்வானாவிடம் என்ன சொல்வது? லத்தீப் தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றார். டையை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார். பத்து நிமிஷம் கழித்து உள்ளே நுழைந்தபோது பஷீரா போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஷஃபி பாயா?"

"ஆமாங்க."

"என்ன சொன்னாரு?"

"இருங்க, டீ போட்டுக் கொண்டாறேன். அப்புறம் சொல்றேன்."

டீ குடித்துவிட்டுக் கேட்கிற செய்தியா அது? லத்தீப் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"பஷீரா, நான் சொல்லிடறேன். ஷார்ஜாவுல நான் மேனேஜர் இல்ல. கிளார்க்கும் இல்ல. ஆபீஸ் மாடியில இருந்துச்சு. நான் கீழ இருந்தேன். பதினெட்டு வருசமும் ஷீஷாவுக்குக் கரிதான் போட்டேன்."

பஷீரா அதிரவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் இல்லை. கிட்டே வந்து அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"இதே வாசனதாங்க. நீங்க போட்ட ஒவ்வொரு லெட்டரும் இப்படித்தான் ஆப்பிள் வாசனையோட வந்துச்சு. எந்த ஆபீஸ்லங்க ஃபைலுக்கு ஆப்பிள் பொக போடுவாங்க?"

லத்தீப் தன் சட்டைக் கையை மோந்து பார்த்தார்.

"அப்போ ஒனக்கு..."

"மொதல் வருசத்துலயே கூனிமேட்டு ஆளு ஒருத்தரு லீவுல வந்தப்ப வெசாரிச்சுட்டேன்."

"ஷஃபி பாய்க்கு?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிட்டேன். ரைஸ் மில் கத ஊருக்கே தெரியுமே. ஒரு லெட்டரக் கையில குடுத்து மோந்து பாக்கச் சொன்னேன். அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே தேதி குறிச்சிட்டுப் போனாரு."

"அப்படீன்னா..." லத்தீப்புக்குத் தலை சுற்றியது. அட்டைப்பெட்டிக் கவிதை, உருண்ட கரி, தாடிக்காரரின் சிரிப்பு, ஜான்சனின் நோட்டு எல்லாம் கூடவே சுற்றின. "எல்லாந் தெரிஞ்சுகிட்டா அந்தாளு என்னை அங்க இட்டுக்கினு போனாரு? எதுக்கு?"

பஷீரா அவருடைய சட்டையின் நெஞ்சில் இருந்த பொறி ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். பிறகு, மத்தியானமே எடுத்து நீட்டிய அந்தப் பழைய பழுப்புச் சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"இன்டர்வியூதான் வெள்ளச் சட்டையில முடிஞ்சிருச்சு, போவட்டும். திங்கக்கிழமை வேலைக்குப் போறப்பவாச்சும் இதப் போட்டுக்கினு போங்க."